மாந்தெஸ்கியூ பெருமகனார் வரலாறு

மன்னன் நல்லவனாயின் நாடு வாழும், தீயவனாயின் கெடும் என்றே மக்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். நல்ல மன்னனை வேண்டி நின்றார் பலர். ஆட்சியின் அமைப்பை ஆராய்ந்தார் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவராகிய மாந்தெஸ்கியூ என்பாரது வரலாற்றை நம் அன்பர்கள் அறிதல் நலமாம்.

இவர் பிரெஞ்சு நாட்டிலே போர்தோ நகரை அடுத்த லா பிரேத் மாளிகையில், 1689ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 18ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஷார்ல் லூயி. செல்வக் குடியிற் பிறந்தும், இவருக்கு ஞானத்தந்தையாக நிறுத்தப்பெற்றவர் ஓர் இரவலர். ஏழையரும் தன் உடன்பிறந்தாரே என்பதைப் பிள்ளை மறவாதிருத்தற்பொருட்டு அங்ஙனம் செய்தனராம். ஏழாம் வயதில் தாயை இழந்தார். பின்னர்ச் சட்டம் பயின்றார்.

1715இல் இவர் மணந்த மங்கை புராட்டஸ்டண்டு சமயத்தவர். அச்சமயத்தாரது வழிபாட்டுரிமையைப் பதினான்காம் லூயி மன்னன் 1685இல் ஓர் ஆணையாற் பறித்திருந்தான். ஒருவன் கையெழுத்தால் பல்லாயிரவர் வாழ்வு குலைதலை இவர் தம் இல்லத்திருந்தே உணர்ந்திருத்தல் கூடும்.

அடுத்த ஆண்டிற் பெரிய தந்தையார் காலமாகவே, மாந்தெஸ்கியூ என்னும் பட்டமும், போர்தோ நீதிமன்றத் தலைவருள் ஒருவராம் பதவியும் இவரைச் சேர்ந்தன. அந்நாளில் நீதிபதிப் பதவி நிலம்போல் விற்கவும் வாங்கவும் பெறும் உடைமையாயிருந்தது. இவரும் தம் பதவியை 1726இல் விற்றுவிட்டார். அதற்கு முன்னரே, 1721இல், பாரசீகர் இருவர் பிரெஞ்சு நாட்டைக் கண்டு எழுதுவதாகப் புனைந்த கடிதங்களை வெளியிட்டு, அரசவையையும் குருமாரையும் எள்ளி நகையாடியிருந்தார். அந்நூலில் தம் பெயரைப் பொறித்தாரிலர்.

1728 முதல் மூன்றாண்டு இத்தாலி, ஜெர்மனி முதலிய நாடுகளிற் சுற்றி, இங்கிலாந்திலும் தங்கி, அங்கே மன்னனையும் பார்லிமெண்டு தடுத்து நிறுத்தும் முறையைக் கண்டார். ஊர் திரும்பியபின் கண்ணொளி மங்கியும் உழைப்பைக் கைவிடாது, பிறரை எழுதச்செய்து, சட்டங்களின் உட்பொருளை விளக்கும் பெருநூலை 1748இல் ஜெனீவாவில் வெளியிட்டார்.

அந்நூலின் உயிர்நிலை யாது? சட்டம் இயற்றலும், அதனை நடத்தலும், வழக்குத் தீர்த்தலும் மூன்று வேறு அதிகாரங்கள். அவை ஓரிடத்துக் குவியின் குடிகளின் உரிமை மாயும் என்பதே. ஓர் ஊரிற் கட்டளை விதிப்பானும், தண்டம் வாங்குவானும், முறையீடு கேட்பானும் ஒருவனேயாயின், குறையுற்றான் எங்கே செல்வான்? அதிகாரம் பெற்றவன் எல்லை காணுமளவும் செல்வது இயல்பு. ஆதலின் ஓர் அதிகாரத்தை மற்றோர் அதிகாரமே தடுத்தல் வேண்டும் என்றார்.

இவரிடத்துக் குறையும் உண்டு. மன்னராட்சியிற் பதவிகள் விலைபோதலை இவர் ஆதரித்தெழுதினார். இங்கிலாந்தில் மந்திரிமார் பார்லிமெண்டிலேயே வீற்றிருந்தமையால் அங்குப் பிரிவினை இவர் கருதிய அளவு முழுமையன்று. எனினும் மனிதரை அடிமைகொள்ளும் வழக்கத்தைக் கண்டித்தது இவர்தம் பெருமைக்குச் சான்றாகும்.

ரோமாபுரித் திருச்சபை 1751இல் அப்பெருநூலை விலக்கப்பட்ட நூல்களின் வரிசையிற் சேர்த்தது. 1755 பெப்ரவரி 10ஆம் நாள் பாரிஸ் நகரில் இவர் உயிர்நீத்தார். தாம் நட்ட மரத்தின் கனியைக் கண்டாரல்லர். 1787இல் அமெரிக்கர் பிலடெல்பியாவிற் கூடித் தம் அரசியலமைப்பை வகுத்தபோது இவர் கொள்கையே வழிகாட்டிற்று. காங்கிரஸ் நிறைவேற்றும் மசோதாவைத் தலைவர் மறுக்கலாம். மறுத்ததை இரு சபைகளும் மூன்றில் இரு பங்கு வாக்கால் மீண்டும் நிறைவேற்றலாம். நன்னடத்தையுள்ளவரை நீதிபதியை நீக்கலாகாது. 1789இல் பிரெஞ்சு மக்கள் வெளியிட்ட உரிமைச் சாசனமும், அதிகாரப் பிரிவினை இல்லாத சமூகத்திற்கு அரசியலமைப்பே இல்லையென உரைத்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 50ஆம் விதியும், நிருவாகத்தினின்று நீதித்துறையைப் பிரித்தலை அரசின் கடமையாக வைத்தது.

அன்பர்களே! நாடாயினும் சங்கமாயினும் நெறி ஒன்றே. பணம் வைத்திருப்பவரே கணக்கைத் தணிக்கை செய்தலாகாது. இஃது அவரை ஐயுறுதலன்று. அவரையும் பொதுப்பொருளையும் ஒருங்கே காத்தலாம். நல்லாரை நாடித் தெரிந்தெடுப்போம். அவர்க்கும் ஓர் எல்லை வகுப்போம். இதுவே அப்பெரியார் வாழ்க்கை நமக்குணர்த்தும் பாடமாகும்.