செவ்விந்தியர்களின் காவலர்

1493-ம் ஆண்டு. கடல் கடந்து புதிய தீவுகளைக் கண்டுபிடித்த கொலம்பஸ், ஸ்பெயின் நாட்டின் செவில் நகருக்குத் திரும்பி வந்தார். தாம் போய்ச் சேர்ந்தது இந்தியாவின் பக்கம்தான் என்று அவர் நம்பினார். அதனால், அங்கிருந்து கூட்டி வந்த மனிதர்களுக்கு "இந்தியர்கள்" என்று பெயர் வைத்துவிட்டார். அவர்களைப் பார்க்க ஊரே திரண்டது.

வேடிக்கை பார்த்தவர்களில் ஒரு வியாபாரியின் மகனும் இருந்தான். வயது 8 அல்லது 9 இருக்கும். அவன் பெயர் பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ்.

அதே ஆண்டு கொலம்பசின் இரண்டாவது பயணத்தில் அவனுடைய தந்தையும் கப்பல் ஏறினார். திரும்பி வந்தபோது ஒரு செவ்விந்திய இளைஞனை மகனுக்கு வேலையாளாகக் கொடுத்தார். இப்படிக் கொண்டுவரப்பட்டவர்களைத் திருப்பி அனுப்ப 1500-ல் இசபெல்லா ராணி உத்தரவிட்டார். அந்த இளைஞனும் தன் நாட்டுக்குத் திரும்பினான்.

பண்ணையார் ஆனார்

1502-ல் லாஸ் காசாஸ் எஸ்பான்யோலா தீவுக்குப் போனார். இன்றைய ஹைத்தியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கும் தீவு அது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஸ்பானியருக்கும் இத்தனை செவ்விந்தியர் என்று பங்கிட்டுக் கொடுப்பார்கள். அவர்களைப் பாதுகாத்து, கிறிஸ்தவ மதம் போதிக்க வேண்டும். பதிலுக்கு அவர்கள் உழைக்க வேண்டும். ஏட்டில் இருந்தது இதுதான். நடந்ததோ அடிமைத்தனம். ஆற்று மணலை அரித்துத் தங்கம் எடுக்கும் வேலையிலும், பட்டினியிலும், வந்தவர்கள் கொண்டுவந்த நோய்களிலும் அந்த மக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டனர். லாஸ் காசாசுக்கும் நிலமும் ஆட்களும் கிடைத்தன. பின்னர் அவர் பாதிரியார் பட்டம் பெற்றார். ஆட்களை விடவில்லை.

1511-ல் மோன்டெசினோஸ் என்ற டொமினிக்கன் சபைத் துறவி, எந்த நியாயத்தில் இந்த மக்களை வதைக்கிறீர்கள் என்று கோவிலிலேயே கேட்டார். பண்ணையார்கள் கொதித்தார்கள். லாஸ் காசாஸ் மனமும் மாறவில்லை. செவ்விந்தியர்களை வைத்திருக்கிறார் என்பதற்காக ஒரு துறவி அவருக்குப் பாவமன்னிப்பு தர மறுத்தார். அதற்கும் அவர் அசையவில்லை.

மனம் மாறியது

1513-ல் கியூபாவைப் பிடித்த படையுடன் அவர் போனார். கவோனாவோ என்ற ஊரில் மக்கள் மீனும் ரொட்டியும் கொண்டுவந்து உபசரித்தார்கள். திடீரென்று ஒரு சிப்பாய் வாளை உருவினான். மற்றவர்களும் பாய்ந்தார்கள். ஆண், பெண், குழந்தை என்று பாராமல் வெட்டினார்கள். பாதிரியாரால் தடுக்க முடியவில்லை. படையுடன் வந்ததற்காக அவருக்கும் கியூபாவில் நிலமும் ஆட்களும் கொடுத்தார்கள்.

1514-ல் பெந்தெகொஸ்தே திருநாள் பிரசங்கத்துக்காக வேதாகமத்தைப் புரட்டினார். ஏழையிடம் பறித்த பொருளைக் கடவுள் காணிக்கையாக ஏற்கமாட்டார் என்ற பகுதி கண்ணில் பட்டது. பல நாள் யோசித்தார். ஆகஸ்டு 15-ந் தேதி பிரசங்க மேடையில், தம்மிடம் இருந்த செவ்விந்தியர்களை விட்டுவிட்டதாக அறிவித்தார். கேட்டவர்கள் திகைத்தனர்.

மறு ஆண்டே ஸ்பெயினுக்குக் கப்பல் ஏறி மன்னரிடம் முறையிட்டார். 1516-ல் அவருக்கு "செவ்விந்தியர்களின் காவலர்" என்ற பதவி கிடைத்தது.

செய்த பிழை

அவர் வாழ்வில் ஒரு கறையும் உண்டு. செவ்விந்தியர்களின் சுமையைக் குறைக்க, ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னார். அந்த வியாபாரம் அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனாலும் அவருடைய பேச்சு அதற்கு வலு சேர்த்தது. ஆப்பிரிக்கர்களை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பிற்காலத்தில் அறிந்து மிகவும் வருந்தினார். அறியாமல் செய்தேன் என்று சொன்னால் கடவுள் ஒப்புவாரா என்பது தெரியவில்லை என்று, தாம் எழுதிய சரித்திரத்தில் அவரே பதிவு செய்தார்.

1522-ல் டொமினிக்கன் சபையில் சேர்ந்தார். 1537-ல், குவாதமாலாவில் படைகளால் அடக்க முடியாத ஒரு பகுதியில், ஆயுதம் இல்லாமல் போதிக்கும் முயற்சியைத் தொடங்கினார். "போர் பூமி" எனப்பட்ட அந்த இடத்துக்குப் பின்னர் "மெய்ச் சமாதானம்" என்று பொருள்படும் வேராபாஸ் என்ற பெயர் வந்தது.

சட்டமும் எதிர்ப்பும்

அவருடைய வாதத்தின் பலனாக 1542-ல் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸ் புதிய சட்டங்கள் பிறப்பித்தார். செவ்விந்தியர்களை அடிமையாக்கக்கூடாது, பண்ணையார் இறந்தால் அவருடைய ஆட்கள் வாரிசுக்குப் போகக்கூடாது. பெருவில் கலகம் மூண்டது. அதில் அரசப் பிரதிநிதியே கொல்லப்பட்டார். வாரிசு பற்றிய விதியை 1545-ல் சக்கரவர்த்தி ரத்து செய்தார்.

அந்த ஆண்டு லாஸ் காசாஸ் மெக்சிகோவின் சியாப்பாஸ் பகுதிக்குப் பிஷப்பாக வந்தார். அடிமைகளை விடாதவர்களுக்குப் பாவமன்னிப்பு கிடையாது என்று உத்தரவிட்டார். ஒரு காலத்தில் தமக்கு மறுக்கப்பட்டதை இப்போது அவர் மற்றவர்களுக்கு மறுத்தார். ஊர் எதிர்த்தது. 1547-ல் ஸ்பெயின் திரும்பினார்.

1550-ல் வல்லாதோலித் நகரில் பெரிய விவாதம். செவ்விந்தியர்கள் ஆளப்படவே பிறந்தவர்கள் என்றார் செபுல்வேதா என்ற அறிஞர். அவர்களும் அறிவுள்ள மனிதர்களே என்று லாஸ் காசாஸ் நாள்கணக்கில் வாதாடினார். தெளிவான தீர்ப்பு வரவில்லை. 1552-ல் கொடுமைகளைப் புத்தகமாக அச்சிட்டார். அதில் உள்ள எண்ணிக்கைகள் மிகையானவை என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கொடுமைகள் பொய் அல்ல.

1566-ல் மாட்ரிட் நகரில் தமது 82-வது வயதில் அவர் காலமானார். சியாப்பாசில் அவர் பிஷப்பாக இருந்தபோது எந்த ஊர் அவரை எதிர்த்ததோ, அந்த ஊர் இன்று சான் கிறிஸ்தோபால் தெ லாஸ் காசாஸ் என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.