தோற்ற சண்டையில் கிடைத்த பதக்கம்: ஜெனரல் குமாரமங்கலம் யார்?

குமாரமங்கலம்னு சொன்னதும் தமிழ்நாட்டில் பலருக்கு ஞாபகம் வர்றது அரசியல்தான். சென்னை மாகாண முதன்மை அமைச்சராக இருந்த டாக்டர் பி. சுப்பராயன், அவர் மகன் மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம், மகள் கோவை எம்.பி. பார்வதி கிருஷ்ணன். அதே வீட்டுப் பிள்ளை பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் போன ரூட்டே வேற. 1966-ல் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனார். அதற்கு 24 வருஷம் முன்பு, லிபியா பாலைவனத்தில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தபோது டி.எஸ்.ஓ. என்ற வீர விருது வாங்கினார். கவனிக்க வேண்டிய விஷயம், அது ஜெயிச்ச சண்டைக்காகக் கிடைத்தது இல்லை.

பீரங்கிப் படையில் இந்தியர் என்பது ஏன் பெரிய விஷயம்?

1913 ஜூலை 1-ல் திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். படிச்சது இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில். அடுத்து வுல்விச் ராணுவ அகாடமி. பீரங்கி, பொறியியல் பிரிவு அதிகாரிகளைத் தயார் செய்யும் இடம் அது. அங்கே இந்தியர்களுக்குக் கதவு திறந்தே சில வருஷம்தான் ஆகியிருந்தது.

காரணம் 1857. அந்த எழுச்சிக்குப் பிறகு, மலைப் பீரங்கிப் பிரிவுகளைத் தவிர மற்ற பீரங்கிகளை இந்தியர் கையில் கொடுக்க பிரிட்டிஷ் அரசு தயாராக இல்லை. இந்தியர்களைக் கொண்ட முதல் களப் பீரங்கிப் பிரிவு பெங்களூரில் உருவானது 1935-ல்தான். குமாரமங்கலம் அதிகாரி ஆனது 1933-ல். பிரிவு உருவாவதற்கு இரண்டு வருஷம் முன்பே அவர் ரெடி.

1942 மே 27 அன்று நடந்தது என்ன?

லிபியாவில் ரோமல் தலைமையிலான ஜெர்மன், இத்தாலியப் படைகள் கசாலா பாதுகாப்பு வரிசையைத் தெற்குப் பக்கமாகச் சுற்றி வந்தன. அந்த வழியில், பிர் ஹக்கீம் அருகே, 3-வது இந்திய மோட்டார் பிரிகேட் நின்றது. பேருக்கேற்ற மாதிரி இருந்தது லாரிகளும் இலகு வாகனங்களும்தான். டாங்கி கிடையாது. அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததே ஓரிரு நாள் முன்புதான்.

பிரிகேடுக்குத் துணையாக இருந்தது 2-வது இந்தியக் களப் பீரங்கி ரெஜிமென்ட். அதில் 7-வது பேட்டரியின் கமாண்டர் மேஜர் குமாரமங்கலம். அப்போது வயசு 28.

அந்தப் பேட்டரியிடம் இருந்தது 25 பவுண்டர் பீரங்கி. குண்டின் எடை சுமார் 11 கிலோ, தாக்கும் தூரம் 12 கிலோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும் இலக்கைக் கணக்குப் போட்டு அடிப்பதற்கான ஆயுதம் இது. ஆனால் அன்னைக்கு விடியற்காலையில் இத்தாலியின் ஆரியேத்தே டாங்கிப் படை நேராகவே வந்து மோதியது. இப்படி நேரும்போது பீரங்கிக்காரர்கள் டாங்கியைக் கண்ணால் பார்த்தே குறிவைக்கணும். குழுவுக்கு முன்னால் சுவரும் இல்லை, கவசமும் பெரிதாக இல்லை. டாங்கி நெருங்கும்வரை காத்திருந்து சுடுவதைத் தவிர வேறு வழியே இல்லை.

பல டாங்கிகள் சேதமடைந்தன. ஆனாலும் காலைக்குள் பிரிகேட் நசுக்கப்பட்டது. ஆயிரம் பேர் அளவுக்குக் கைதானார்கள். தண்ணீர் கொடுக்க முடியாமல் எதிரியே விட்டுவிட்ட சுமார் 600 பேர், நடந்தே பிர் ஹக்கீமில் இருந்த பிரெஞ்சுப் படையிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்றைய செயலுக்காகத்தான் குமாரமங்கலத்துக்கு டி.எஸ்.ஓ. 1886-ல் தொடங்கிய இந்த விருது பெரும்பாலும் உயர் அதிகாரிகளுக்கே போகும். இளநிலை அதிகாரிகளுக்குக் கொடுத்தால், விக்டோரியா கிராஸுக்கு ஒரு படி கீழே என்று ராணுவத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

விருது வந்தது, விடுதலை வரவில்லை

அதே கசாலா போரிலேயே அவர் எதிரியிடம் சிக்கினார். இத்தாலியில் போர்க்கைதி முகாம். அங்கிருந்து தப்பினார், மறுபடி பிடிபட்டார், ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார்.

இந்தியாவில் அவர் தம்பி மோகனும் போர்க் காலத்தில் சிறை பார்த்தவர். பிரிட்டிஷ் அரசு போட்ட சென்னை சதி வழக்கில் கைதான கம்யூனிஸ்ட் அவர். அண்ணன் அந்த அரசின் யூனிஃபார்மில் சண்டை போட்டுக் கைதி, தம்பி அந்த அரசை எதிர்த்துக் கைதி.

இத்தாலிய முகாமில் குமாரமங்கலத்தோடு இருந்த கைதிகளில் ஒருவர் யஹ்யா கான். 1966 ஜூனில் இவர் இந்திய ராணுவத் தளபதி. அதே வருஷம் செப்டம்பரில் அவர் பாகிஸ்தான் ராணுவத் தளபதி. ஒரே முகாமில் அடைபட்டிருந்த இரண்டு பேர், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படைகளை நடத்தினார்கள்.

குமாரமங்கலம் பொறுப்பில் இருந்தபோதுதான் 1967-ல் நாதுலாவிலும் சோலாவிலும் சீனப் படையோடு மோதல் நடந்தது. நாதுலாவில் இந்தியப் பீரங்கிகள்தான் சண்டையின் போக்கை மாற்றின. 1969-ல் மானெக்‌ஷாவிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1970-ல் பத்ம விபூஷண். 2000 மார்ச் 13-ல் காலமானார்.

வெற்றி தோல்வியை மட்டும் எண்ணினால் 1942 மே 27 ஒரு தோல்வி, அவ்வளவுதான். பேட்டரி நின்று சுட்ட அந்த நேரம் இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. அது பதிவானது அந்த விருதில்தான்.