ஹாப்கின் சுமந்த பழி

பிளேக் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் ஜனங்கள் வீடு வாசலைத் துறந்து ஊர்ப்புறத்தில் குடிசையிட்டு வாழ்ந்த காலம் ஒன்று நம் தேசத்தில் இருந்தது. அக்கொடிய நோய்க்கு எதிராக முதன் முதலில் நம்மவர் கையில் ஓர் ஆயுதத்தைக் கொடுத்தவர் வால்டமார் ஹாப்கின். அவருக்கு அன்றைய சர்க்கார் அளித்த சன்மானம் இன்னதென்பதை நாம் மறந்துவிடலாகாது.

1860-ம் வருஷம் ருஷிய சாம்ராஜ்யத்தின் ஒடெஸ்ஸா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஹாப்கின், மாணவப் பருவத்திலேயே ஜார் ஆட்சியின் கோபத்துக்கு ஆளானவர். பின்னர் பாரிஸ் சென்று பாஸ்டர் ஸ்தாபனத்தில் புத்தகசாலை உதவியாளராகப் புகுந்தார். 1892-ம் வருஷம் ஜூலையில் தாம் கண்ட காலரா மருந்தைத் தம் உடலிலேயே முதலில் குத்திக்கொண்டார். 1893-ல் கல்கத்தா வந்து, இரண்டரை வருஷத்திற்குள் சுமார் 42,000 பேருக்கு அதைப் போட்டார்.

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. அதன் காரணமான பாக்டீரியா, இரண்டு வருஷங்களுக்கு முன்புதான் ஹாங்காங்கில் கண்டறியப்பட்டிருந்தது. பாக்டீரியா இனம் மிருகமுமன்று, தாவரமுமன்று, ஒரே உயிரணு, அதனுள் தனியே உறையிட்ட கருவும் கிடையாது. இரண்டாகப் பிளந்து பெருகுவதே அதன் வம்ச விருத்தி. ஹாப்கின் மாமிசச் சாற்றின் மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். துளிகளின் அடியில் கிருமிகள் விழுதுகள் போல் தொங்கி வளர்ந்தன. அவற்றைச் சூட்டினால் கொன்று, கார்பாலிக் திராவகம் சேர்த்து மருந்தாக்கினார். 1897 ஜனவரி 10-ல் அதையும் தம் உடலிலேயே சோதித்தார். அதே வருஷம் பூனாவில் பட்டாளத்தார் வீடு புகுந்து சோதனையிட்டு ஜனங்களின் மனத்தைப் புண்படுத்தியதை நாம் அறிவோம். ஹாப்கினின் ஊசியோ விரும்பியவர்க்கே போடப்பட்டது.

1902 அக்டோபர் 30-ல் பஞ்சாபில் முல்கோவால் கிராமத்தில் 107 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். ஒரே ஒரு புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர், ஒரு வாரத்திற்குள் ஜன்னி கண்டு பின்னர் மாண்டனர். அது தனுர்வாத ஜன்னி. அக்கிருமி மண்ணில் வாழ்வது. காற்றோட்டமில்லாத இடத்திலேயே பெருகும். தகாத நிலைமையில் கடினமான வித்தாக உறைந்து வருஷக்கணக்கில் கிடக்கும். சாதாரணச் சூட்டிற்கு அவ்வித்துக்கள் சாவதில்லை.

பம்பாய்த் தலைமை நீதிபதியின் தலைமையில் நடந்த விசாரணை, புட்டி பம்பாய் ஆய்வுகூடத்திலேயே கெட்டிருக்க வேண்டும் என முடிவு கட்டியது. ஏராளமாக மருந்து தேவைப்பட்டதால் ஹாப்கின் செய்முறையை மாற்றிக் கார்பாலிக்கை விட்டது குற்றமாகக் கொள்ளப்பட்டது. அவர் பதவியிழந்து, 1904-ல் இந்தியாவை விட்டு வெளியேறினார்.

ஆனால் கிருமியின் இயல்பே வேறு சாட்சியம் கூறிற்று. வாரக்கணக்கில் புட்டிக்குள் தனுர்வாதக் கிருமி வளர்ந்திருந்தால், திறந்தவுடன் துர்நாற்றம் வீசியிருக்கும். அப்படி எதுவும் வீசவில்லை. முல்கோவாலில் புட்டியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்ததும், அது சரிவரச் சுத்தி செய்யப்படாமல் உபயோகிக்கப்பட்டதும் சாட்சியத்திலேயே இருந்தன. மண்ணிலிருந்து வந்த வித்துக்கு இதைவிட வேறு வழி என்ன வேண்டும்? அதிகாரவர்க்கம் தன் சிப்பந்தியின் கையைப் பார்க்கவில்லை. அந்நிய யூதரின் ஆய்வுகூடத்தையே பார்த்தது என்பது நம் அபிப்பிராயம்.

மலேரியா ஆராய்ச்சியால் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் முதலிய பத்து விக்ஞானிகள் 1907 ஜூலையில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் பகிரங்கமாகக் கண்டித்த பிறகே சர்க்கார் வழிக்கு வந்தது. அவ்வருஷம் நவம்பரில் ஹாப்கின்மீது பழியில்லை என்றாயிற்று. அதற்குள் ஐந்து வருஷம் கழிந்துவிட்டது. பம்பாயில் தாம் அமைத்த ஆய்வுகூடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் போதிய வசதியின்றி ஒதுங்கி உழைத்து, ஓய்வு வயது வந்ததும் விலகினார்.

பம்பாய் பரேலிலுள்ள ஆய்வுகூடத்துக்கு 1925-ல் ஹாப்கின் ஸ்தாபனம் எனப் பெயரிடப்பட்டது. ஹாப்கின் 1930-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.