வேப்பெண்ணெய் அடிச்சும் பூச்சி சாகலையா? வேம்பைப் பிரித்துப் பார்த்த சித்திக்கியின் கதை

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் வேப்பமரம் இல்லாத தெரு அபூர்வம். ஆனி, ஆடியில் வாசலெல்லாம் பழம் கொட்டிக் கிடக்கும். அதைப் பெருக்கித் தள்ளிவிட்டு, மொட்டை மாடிச் செடிகளுக்கு ஆன்லைனில் வேப்பெண்ணெய் வாங்குகிறோம். அடிச்ச மறுநாளும் பூச்சி அப்படியே இருந்தால், இதெல்லாம் சும்மா என்று பாட்டிலை ஓரம் கட்டிவிடுகிறோம்.

வேம்பு உண்மையிலேயே வேலை செய்யுதா? அதற்குள் என்ன இருக்கு? இதை ஆய்வகத்தில் தேடியவர்களில் முன்னோடி, சலிமுஸ்ஸமான் சித்திக்கி.

யார் இவர்?

1897 அக்டோபர் 19-ல், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் சுபேஹா கிராமத்தில் பிறந்தவர். அலிகரில் படித்தது தத்துவமும் பாரசீகமும். 1920-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். அடுத்த வருஷமே ஜெர்மனிக்குப் போய் கெமிஸ்ட்ரிக்கு மாறிவிட்டார். நல்ல ஓவியரும்கூட, ஃபிராங்க்ஃபர்ட்டில் தன் ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தார். அதே ஊரில் 1927-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

யுனானி மருத்துவரும் காங்கிரஸ் தலைவராக இருந்தவருமான ஹக்கீம் அஜ்மல் கான், நாட்டு மருந்துகளை நவீன அறிவியல் முறையில் சோதிக்க நினைத்தார். டெல்லியில் தான் தொடங்கிய திப்பியா கல்லூரியில் அந்தப் பொறுப்பை சித்திக்கியிடம் கொடுத்தார். அங்கே சர்ப்பகந்தா வேரிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்த சித்திக்கி, அதற்கு அஜ்மலின் என்று தன் வழிகாட்டியின் பெயரையே வைத்தார். சீரற்ற இதயத் துடிப்புக்கான மருந்தாக அது பின்னாளில் பயன்பட்டது.

வேம்புக்குள் என்ன கிடைத்தது?

அடுத்து வேம்பு. வேப்பெண்ணெயை வெவ்வேறு கரைப்பான்களில் கழுவிக் கழுவி, 1942-ல் நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்ற மூன்று கசப்புப் பொருள்களைப் பிரித்தார். பாட்டி வைத்தியம் என்று அவர் கேலி செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை. எது வேலை செய்யுதுன்னு பிரித்துப் பார்த்தார்.

அவர் தேடியது மனிதர்களுக்கான மருந்து. பூச்சிகளை முடக்கும் முக்கியமான பொருளைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். 1962-ல் டெல்லியில் வெட்டுக்கிளிகள் இறங்கியபோது, வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரை அவை தின்னவில்லை. 1968-ல் பிரிட்டனில் அசாடிராக்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள்.

சித்திக்கி 1951-ல் பாகிஸ்தான் போய், அந்நாட்டின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பை உருவாக்கினார். 1961-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார். தொண்ணூறைத் தாண்டியும் ஆய்வகத்துக்குப் போனவர், 1994 ஏப்ரல் 14-ல் கராச்சியில் இறந்தார்.

சரி, மாடியில் ஏன் பலிக்கல?

அசாடிராக்டின் தொட்டதும் கொல்லும் விஷம் இல்லை. பூச்சிக்குத் தின்னும் ஆசையைக் குறைக்கும். இளம் பூச்சி தோல் உரித்து வளர்வதைத் தடுக்கும். அதனால் பலன் தெரிய சில நாள் ஆகும். வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்தும் போகும். காலையில் அடிச்சுட்டு மாலையில் எண்ணிப் பார்த்தால் ஏமாற்றம்தான்.

முதலில் எந்தப் பூச்சி என்று பாருங்கள்:

• தளிரில் கூட்டமாக ஒட்டியிருந்து, பிசுபிசுப்பும் எறும்பும் இருந்தால் அசுவினி.
• பஞ்சு போல வெள்ளையாக அப்பியிருந்தால் மாவுப்பூச்சி.
• செடியை ஆட்டினதும் வெள்ளையாகப் பறந்தால் வெள்ளை ஈ.
• மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன்.

கரைசல் செய்வது எப்படி?

ஓடு நீக்கிய வேப்பம்பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் கட்டி, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்க. மறுநாள் பிழிந்து வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேருங்க. ஓரிரு இலையில் அடித்துப் பார்த்து, கருகலைன்னா அன்று சாயங்காலமே இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிங்க. வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று தடவை செய்தால்தான் புதிதாகப் பொரிக்கும் குஞ்சுகளும் மாட்டும். கொட்டையை நிழலில் காயவைத்துச் சேமிக்கலாம். பத்து மாதத்தைத் தாண்டினால் வீரியம் குறையும்.

மாவுப்பூச்சிக்கு மேலே மெழுகுப் படலம் இருக்கும். அதனால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அதைக் கழுவிவிடணும். கத்தரிக்காய்க்குள் துளைத்துப் போன புழுவை எந்தக் கரைசலும் எட்டாது. அந்தக் காயைப் பறித்து அழித்துவிடுவதுதான் வழி.