முன்சீப் வேதநாயகரும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



அறுபது, எண்பது வயது நிறைந்த பெற்றோரை மணக்கோலத்தில் அமர்த்தி மகிழப் பிள்ளைகள் திரளாக வரும் ஊர் திருக்கடையூர். அவ்வழியே செல்லும்போதெல்லாம் நமக்குள் ஒரு கேள்வி எழுவதுண்டு. பெற்றோரை மதிக்கும் பண்பைப் பிள்ளை எங்கே கற்றுக்கொள்கிறது? இப்பகுதியில் வாழ்ந்த ஒரு கத்தோலிக்கரின் வாழ்வு இதற்கு வழிகாட்டுகிறது. அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

1826 அக்டோபர் 11 அன்று திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்தார். தந்தை சவரிமுத்து, தாய் ஆரோக்கியமரி. அவருக்கு எழுத்தறிவித்த முதல் ஆசிரியர் தந்தையே. பின்னர் திருச்சியில் தியாகராய பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் கற்று, நீதிமன்றப் பணியில் சேர்ந்தார். 1857இல் திருக்கடையூருக்கு அருகிலுள்ள தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்பு சீர்காழியிலும் மாயூரத்திலும் அதே பணியைச் செய்தார்.

வழக்கு வந்தபின் தீர்ப்பு எழுதுவதோடு அவர் நிறைவடையவில்லை. நல்லொழுக்கம் வீட்டிலேயே வேரூன்ற வேண்டும் என்று 1859இல் நீதிநூலை வெளியிட்டார். தாய் முதல் ஆசிரியை என்பதால், பெண்கள் கல்வி பெறவேண்டும் என்று எழுதினார். மாயூரத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் நிறுவினார்.

1879இல் வெளிவந்த அவரது பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் நாவல். அதில் ஒரு காட்சி நம் நெஞ்சைத் தொடுகிறது. பாட்டியின் செல்லத்தால் பிரதாபனை யாரும் கண்டிக்க முடியாது. அவன் பாடம் படிக்காத குற்றத்துக்கு, உடன் படிக்கும் கனகசபை அடி வாங்குகிறான். படிக்கும்போது சிரிப்பு வரும், சிந்தித்தால் வலிக்கும். நம் பிள்ளையின் தவற்றுக்கு ஆசிரியரையும் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் குறைசொல்லும்போது, நாமும் ஒரு கனகசபைக்கு அடி வாங்கித் தருகிறோம் அல்லவா? கதையில் பிரதாபனுக்கு நல்லறிவு ஊட்டுபவர், கற்றறிந்த அவன் தாய் சுந்தரத்தண்ணி.

வேதநாயகர் எழுதியதோடு நின்றவரல்லர். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் வாட்டியபோது, தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். 1889 ஜூலை 21 அன்று இறைவனடி சேர்ந்தார்.

பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் போதித்தது. ஆனால் இன்று நாம் பள்ளிக்கும் டியூஷனுக்கும் பணம் கட்டிவிட்டு, மிஞ்சிய நேரத்தைக் கைபேசியிடம் ஒப்படைத்துவிடுகிறோம். மறைக்கல்வி வகுப்பில் மன்றாட்டுகளைப் பிழையின்றிச் சொல்லும் பிள்ளைக்கு, தம்பியிடம் மன்னிப்புக் கேட்கத் தெரிவதில்லை. அதை வீட்டில்தான் பார்த்துப் பழகவேண்டும்.

இதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை. உலை வைக்கும்போது ஏழைக்கென ஒரு பிடி அரிசியைப் பிள்ளையின் கையாலேயே எடுத்துவைக்கச் சொல்லலாம். நடவாள்களுக்குக் கூலி கொடுக்கும்போது குறைக்காமல் எண்ணிக் கொடுப்பதைப் பிள்ளை பார்க்கட்டும். தாத்தா பாட்டிக்குச் சோறு பரிமாறிய பிறகு நாம் உண்பதைப் பார்க்கட்டும். கோபத்தில் தவறாகப் பேசிவிட்டால், இரவுச் செபமாலைக்கு முன் நாமே பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்போம்.

மணக்கோலத்தில் அமரும் நாள் நமக்கு வாய்க்கலாம், வாய்க்காமலும் போகலாம். நம் முதுமையில் பிள்ளை நம் கையைப் பிடிக்குமா என்பது, இன்று நம் பெற்றோரின் கையை நாம் எப்படிப் பிடிக்கிறோம் என்பதில் இருக்கிறது. நாசரேத்தூர்த் திருக்குடும்பம் நம் இல்லங்களுக்குத் துணைநிற்பதாக!