பறவைகளின் தோழி எம்மா டர்னர்

கூட்டில் அடைகாக்கும் பறவையைக் கண்டால் எட்டிப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசையைப் பொறுமையால் ஆண்ட ஒரு பெண்மணியின் வாழ்வை இங்கே காண்போம்.

எம்மா லூயிசா டர்னர் 1867ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தில் பிறந்தார். 1900ஆம் ஆண்டில், பறவைகளைப் புகைப்படம் எடுப்பதில் முன்னோடியான ரிச்சர்ட் கேர்ட்டனைச் சந்தித்தார். அன்று பற்றிய ஆர்வம் இறுதிவரை அணையவில்லை. நார்ஃபோக் மாவட்டத்தின் ஹிக்லிங் ஏரியில், தாமே திட்டமிட்டு அமைத்த படகு வீட்டில் ஆண்டுதோறும் பல வாரங்கள் தங்கினார். இவ்வாறு இருபத்தைந்து ஆண்டுகள்! அப்பகுதியில் தாம் முதலில் படமெடுத்த பறவையின் பெயரையே படகுக்கும் சூட்டினார்.

அக்காலக் காமிராக்கள் கனமானவை. கண்ணாடித் தகடுகளைக் கொண்டவை. தொலைவிலிருந்து தெளிவாகப் படமெடுக்க வசதி குறைவு. கூட்டருகே சென்றே ஆகவேண்டும். அங்கேதான் ஆபத்து. தாய்ப்பறவை அஞ்சிப் பறந்துவிட்டால் முட்டைகள் குளிர்ந்து போகும். குஞ்சுகள் வெயிலில் வாடும். மறைப்பாக நிற்கும் நாணலை விலக்கினால் காகமும் கடற்காகமும் கூட்டைக் கண்டுகொள்ளும். ஒரு படத்துக்காக ஒரு குடும்பமே அழியலாம். எனவே எம்மா, நாணலையும் சருகையும் தம்மீது போர்த்திக்கொண்டு அசையாமல் காத்திருப்பார். ஒருமுறை மீசையுள்ள சிறு நாணற்குருவிகள் நான்கு, அவருடைய காமிராவின் மீதே வந்து அமர்ந்தனவாம்!

பிட்டர்ன் என்பது நாணற்புதரில் வாழும் குருகு இனப் பறவை. சதுப்பு நிலங்கள் வற்றியதாலும் வேட்டையாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது பிரிட்டனில் கூடு கட்டுவதே நின்றுபோயிற்று. 1911ஆம் ஆண்டில் எம்மாவும், ஹிக்லிங்கின் காவலர் ஜிம் வின்சென்ட்டும் அதன் குஞ்சு ஒன்றைக் கண்டுபிடித்தனர். எம்மா எடுத்த படம், அப்பறவை திரும்பி வந்துவிட்டது என்பதற்குச் சான்றாயிற்று. படம் இல்லையேல் உலகம் நம்பாது. இடம் வெளியே தெரிந்தாலோ முட்டை சேகரிப்போர் படையெடுப்பர். அரிய பறவையைக் கண்டவருக்கு எத்தகைய பொறுப்பு என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1924, 1925ஆம் ஆண்டுகளில், ஸ்கோல்ட் ஹெட் என்னும் மணல் தீவில் கூடு கட்டும் ஆலாக்களைக் காக்கும் முதற் காவலராக எம்மா பணியாற்றினார். வயதோ ஐம்பத்தாறைக் கடந்திருந்தது. சிறு குடிசையில் தனியே தங்கினார். இங்கிலாந்திலேயே மிகத் தனிமையான பெண் என்று செய்தித்தாள்கள் அவரை வருணித்தன. ஆயிரமாயிரம் சிறகுகள் சூழ வாழ்ந்தவருக்குத் தனிமை ஏது?

புகழ்பெற்ற லின்னேயன் கழகம் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த பெண்களுள் அவரும் ஒருவர். வாழ்வின் கடைசி இரண்டு ஆண்டுகளில் அவர் பார்வையை இழந்தார். 1940ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் மறைந்தார்.

இன்று பிரிட்டனில் பிட்டர்ன் போன்ற அரிய பறவைகளைக் கூட்டருகே படமெடுக்க உரிமம் வேண்டும். 1981ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறு விதிக்கிறது. நம் கைகளிலோ காமிரா உள்ள தொலைபேசிகள். பள்ளித் தோட்டத்தில் கூடு கண்டால் கிளையை விலக்காமல், கூட்டமாய்ச் சூழாமல், எட்ட நின்று பார்ப்போம். தாய்ப்பறவை பதறினால் உடனே விலகுவோம். படம் போனால் போகட்டும்; குஞ்சு பிழைக்கட்டும். எம்மாவுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.