கலங்கரை விளக்கமும் கற்பனைத் தீவும்: ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் சாகசப் புனைவாளரான வரலாறு

நோயுற்ற பிள்ளையொருவர் படுக்கையில் கிடந்தவாறே கடலையும் கொள்ளையரையும் கற்பனை செய்து வளர்ந்து எழுத்தாளரானார் என்பதே ராபர்ட் லூயி ஸ்டீவன்சனைப் பற்றிப் பொதுவாக வழங்கும் விளக்கமாகும். இது பிழையன்று, ஆயினும் முழுமையானதன்று. நோய் அவருக்குக் கற்பனை செய்வதற்கான தனிமையைத் தந்தது. அக்கற்பனைக்கு உருவம் தந்த கருவியோ அவர் துறந்த குடும்பத் தொழிலிலிருந்து வந்தது. அத்தொழிலை ஏற்க மறுத்த மகனுக்கும் அம்மறுப்பால் புண்பட்ட தந்தைக்கும் இடையிலிருந்த உறவை விலக்கிவிட்டுப் ‘புதையல் தீவு’ தோன்றிய வரலாற்றை விளக்க இயலாது.

ஸ்டீவன்சன் 1850ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் எடின்பரோவில் ஒரே பிள்ளையாகப் பிறந்தார். ஓதம் ஏறும்போது நீருள் மறையும் பெல் ராக் பாறையின்மீது கலங்கரை விளக்கம் எழுப்பியவர் அவருடைய பாட்டனார் ராபர்ட் ஸ்டீவன்சன். அவ்விளக்கம் 1811இல் ஒளிரத் தொடங்கியது. ஸ்கெரிவோர் விளக்கத்தைக் கட்டிய ஆலன் அவருக்குப் பெரிய தந்தையார். தந்தை தாமசும் அதே துறையில் புகழ்பெற்ற பொறியாளர். எனவே, பிறந்த பிள்ளையின் தொழில் முன்னரே முடிவு செய்யப்பட்டுவிட்டது எனலாம்.

இளமையில் நுரையீரல் நோய் அவரை நெடுநாள் படுக்கையில் கிடத்தியது. செவிலி அலிசன் கன்னிங்ஹாம் விவிலியக் கதைகளையும் ஸ்காட்லாந்தின் சமயப் போராளிகள் பட்ட இன்னல்களையும் சொல்லி வளர்த்தார். காகித உருவங்களை வெட்டி ஒட்டி நடத்தும் பொம்மை நாடக அரங்கும் அச்சிறுவருக்குப் பெரும் பித்தாக இருந்தது. இவை பலராலும் எடுத்துரைக்கப்படுபவை. தந்தையின் பழக்கம் ஒன்று அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. தாமஸ் ஒவ்வோர் இரவும் உறங்குமுன் தமக்குத் தாமே கதை சொல்லிக்கொள்வார் என்றும், அக்கதைகளில் கப்பல்களும் வழியோர விடுதிகளும் கொள்ளையரும் முதிய மாலுமிகளுமே நிறைந்திருந்தனர் என்றும், அவற்றுள் ஒன்றைக்கூட அவர் முடித்ததில்லை என்றும் மகன் பிற்காலத்தில் பதிவு செய்துள்ளார். சமயப் பற்றும் கண்டிப்பும் மிக்க பொறியாளருக்குள் எழுதாத சாகசக் கதைஞர் ஒருவர் இருந்தார் என்பது இதனால் புலனாகின்றது.

1867இல் பொறியியல் பயில ஸ்டீவன்சன் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வகுப்புகளில் அவருக்கு நாட்டமில்லை. கடலோரக் களப்பணியோ அவரை ஈர்த்தது. 1868இல் விக் துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவர் கட்டப்பட்டபோது மூழ்குடை அணிந்து கடலடிக்கு இறங்கினார். மறு ஆண்டு தந்தையுடன் விளக்கங்களைப் பார்வையிடும் கப்பலில் ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளுக்குச் சென்றார். 1870இல் டூ ஹார்ட்டாக் விளக்கத்திற்குக் கல் செதுக்கப்பட்ட எரெய்ட் என்னும் சிறுதீவில் மூன்று வாரம் தங்கினார்.

1871 மார்ச்சில் விட்டுவிட்டு ஒளிரும் விளக்கொன்றைப் பற்றி அவர் படித்த ஆய்வுரைக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அடுத்த மாதமே, பொறியாளராக விருப்பமில்லை, எழுத்தே தம் வழி என்று தந்தையிடம் கூறிவிட்டார். திறமையின்மையால் அவர் விலகவில்லை என்பதற்கு அப்பதக்கமே சான்று. தந்தை அமைதியாகவே ஏற்றார். பிழைப்புக்கு ஒரு பிடியாகச் சட்டம் பயில வேண்டும் என்று மட்டும் கேட்டார். 1875இல் வழக்கறிஞரான மகன் அத்தொழிலைப் பெரிதும் நடத்தவில்லை. இதற்கிடையே 1873இல் சமய நம்பிக்கை குறித்து எழுந்த பூசல் இவ்வுறவை மேலும் கீறியது. 1880இல் மணமுறிவு பெற்ற அமெரிக்கப் பெண்மணி ஃபேனி ஆஸ்போர்னை மணந்தபோதும், தந்தை அளித்த ஆண்டுக்கு 250 பவுண்டு உதவியையே அவர் சார்ந்திருந்தார்.

1881ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரேமர் என்னும் மலையூரில் குடும்பம் தங்கியிருந்தது. ஓயாத மழை. ஃபேனியின் மகன், 13 வயதான லாயிட், வண்ணப்பெட்டியுடன் பொழுதுபோக்கினான். அங்கு ஒரு தீவின் வரைபடம் உருவாயிற்று. அதை முதலில் வரைந்தவர் யார் என்பதில் இருவர் நினைவுகளும் வேறுபடுகின்றன: தாமே வரைந்ததாக ஸ்டீவன்சன் எழுதினார், தாம் தொடங்கிய படத்தில் அவர் வந்து பெயர்களைப் பொறித்தார் என்பது லாயிடின் கூற்று. எவ்வாறாயினும், படத்தைப் பார்க்கப் பார்க்கக் காட்டிடையே மாந்தர் தோன்றினர் என்பதே செய்தி. கதை தோன்றிப் பின் இடம் அமைக்கப்படவில்லை. இடத்திலிருந்தே கதை முளைத்தது. விரிகுடாவின் ஆழத்தையும் நங்கூரமிடும் துறையையும் முதலில் குறித்துக்கொள்வது கடற்பொறியாளர் வீட்டுப் பழக்கமேயன்றி வேறன்று.

நாளுக்கு ஓர் இயலாக எழுதி வீட்டாருக்குப் படித்துக் காட்டினார். சிறுவனுக்காகத் தொடங்கிய கதையில் தந்தையும் சிறுவராகிக் கலந்துகொண்டார். பில்லி போன்ஸின் பெட்டியில் இருந்த பொருள்களின் பட்டியலைத் தாமஸ் ஒரு பகற்பொழுதின் பெரும்பகுதியைச் செலவிட்டு ஓர் உறையின் பின்புறத்தில் எழுதித் தந்தார். மகன் அதை அப்படியே பயன்படுத்தினார். ஃபிளிண்டின் கப்பலுக்கு வால்ரஸ் என்று பெயரிட்டதும் அவர் விருப்பப்படியே. பத்தாண்டுகளுக்கு முன் தம் தொழிலை மறுத்த மகன் தம் கதையை எழுதிக்கொண்டிருப்பதைத் தந்தை கண்டுகொண்டார் போலும்.

பதினைந்து இயல்களுக்குப் பின் எழுத்து நின்றது. டாவோஸில் குளிர்காலத்தில் மீண்டும் ஓடிற்று. ‘யங் ஃபோக்ஸ்’ இதழில் புனைபெயரில் 1882 ஜனவரி வரை வெளிவந்தபோது யாரும் பொருட்படுத்தவில்லை. 1883இல் நூலானபோதே புகழ் வந்தது. இடையில் ஓர் இழப்பு நேர்ந்தது. பதிப்பகத்திற்கு அனுப்பிய மூல வரைபடம் தொலைந்துபோயிற்று. நூலிலுள்ள ஒவ்வொரு குறிப்பையும் தொகுத்து, கவராயத்துடன் புதிய படத்தைப் பொருந்த வரைய வேண்டியதாயிற்று. அது வரையப்பட்ட இடம் தந்தையின் அலுவலகம். பலவகைக் கையெழுத்தில் வல்லவரான தாமஸ், ஃபிளிண்டின் ஒப்பத்தையும் பில்லி போன்ஸின் கடல்வழிக் குறிப்புகளையும் போலியாக எழுதிச் சேர்த்தார். அப்படம் தமக்கு ஒருபோதும் புதையல் தீவாகத் தோன்றவில்லை என்றார் மகன். வாசகர் அறிந்ததோ அப்படத்தைத்தான்.

1886இல் வெளிவந்த ‘கிட்னாப்ட்’ நாவலில், ஓதம் வற்றினால் நடந்தே கடக்கத்தக்க தீவென்று அறியாமல் நாயகன் தவிக்கும் இடம் எரெய்ட். அடுத்த ஆண்டு மே மாதத்தில் தாமஸ் மறைந்தார். தந்தையைப் பற்றிக் கட்டுரையொன்று எழுதிய ஸ்டீவன்சன் சில மாதங்களில் அமெரிக்கா சென்றார்; 1888இல் பசிபிக் பயணத்தைத் தொடங்கினார். சமோவாவின் வைலிமா இல்லத்தில் இறுதி ஆண்டுகளில் அவர் எழுதிவந்தவற்றுள் தம் பொறியாளர் குடும்பத்தின் வரலாறும் ஒன்று. 1894ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் 44ஆம் வயதில் அவர் இறந்தபோது அது முற்றுப்பெறாதிருந்தது. பாட்டனார் பெல் ராக் விளக்கம் கட்டிய பகுதியோடு நின்றுவிட்ட அந்நூல் தந்தையின் காலத்தை எட்டவில்லை.